கேமரா முன் சாப்பிடும் கணவர்: குடியாத்தம் வாசகிக்கு ஒரு மருத்துவரின் பதில்

கேள்வி:

மதிப்பிற்குரிய டாக்டர் அம்மா அவர்களுக்கு வணக்கம். நான் குடியாத்தத்தில் வசிக்கிறேன். என் வீட்டுக்காரருக்கு வயது 33. ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். ஒன்றரை வருடமாக யூடியூபில் சாப்பாட்டு வீடியோ போடுகிறார். ஆரம்பத்தில் ஓட்டல் ஓட்டலாகப் போய் ருசி எப்படி என்று சொல்வார். யாரும் பெரிதாகப் பார்க்கவில்லை. ஒருநாள் பந்தயம் வைத்து ஒரு பக்கெட் பிரியாணியை ஒரே ஆளாகச் சாப்பிட்டார். அந்த வீடியோ பிய்த்துக்கொண்டு போனது. அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வந்தால் இரண்டு கிலோ பிரியாணி, முப்பது பரோட்டா என்று இதே வேலைதான். சனிக்கிழமை மதியத்தோடு சாப்பாட்டை நிறுத்திவிடுவார். ராத்திரி வயிறு விரியட்டும் என்று லிட்டர் கணக்கில் தண்ணீர் குடிப்பார். ஷூட் முடிந்து வந்தால் பேச்சு மூச்சு இல்லாமல் இடது பக்கமாகச் சுருண்டு படுத்துக்கொள்வார். 78 கிலோ இருந்தவர் இப்போது 93. உயரம் 168 செ.மீ. கம்பெனி மெடிக்கல் செக்கப்பில் மூன்று மாதச் சர்க்கரை 6.1 என்று வந்தது. ‘வெளிநாட்டில் ஒல்லியாக இருப்பவர்களே இதைவிட அதிகம் தின்கிறார்கள், அவர்களுக்கு என்ன ஆனது’ என்று கேட்கிறார். மாதம் பன்னிரண்டாயிரம், பதினைந்தாயிரம் என்று அதில் வருகிற பணத்தில்தான் வீட்டுக் கடன் தவணை போகிறது. மாமியார் கண் பட்டுவிட்டது என்று வாரா வாரம் திருஷ்டி சுற்றிப் போடுகிறார். எங்கள் பையனுக்கு ஏழு வயது. பீரோ கண்ணாடி முன்னால் நின்று இரண்டு கன்னத்திலும் இட்லியைத் திணித்துக்கொண்டு ‘வணக்கம் மக்களே’ என்கிறான். போன் இல்லாமல் ஒரு வாய் வாங்குவதில்லை. நான் வீணாகப் பயப்படுகிறேனா? இவரை எப்படி நிறுத்துவது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் வீணாகப் பயப்படவில்லை. ஆனால் ‘எப்படி நிறுத்துவது’ என்ற கேள்வியைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு, உங்கள் கணவர் ஞாயிற்றுக்கிழமை செய்வது என்ன என்பதை முதலில் பார்ப்போம். வீட்டில் அதைத் தீனி என்றும், ஆசை என்றும், கண் திருஷ்டி என்றும் ஆளுக்கொரு பெயரில் பேசுகிறீர்கள். எனக்கு அது ஒரு தொழிலாகத் தெரிகிறது. வருமானம் வருகிறது, வாரத்துக்கு ஒரு வீடியோ என்ற கெடு இருக்கிறது, முந்தைய வாரத்தைவிட அதிகமாகச் செய்தாக வேண்டும் என்ற நெருக்கடி இருக்கிறது, முதலீடாகப் போடப்படுவது அவருடைய இரைப்பை. தோல் பதனிடும் தொழிலும் காலணித் தொழிலும் நிறைந்த நமது பாலாற்றுப் பகுதியில், ஒரு வேலை உடம்பில் எங்கே கை வைக்கும், அதற்கு என்ன பாதுகாப்பு வேண்டும் என்று கேட்பது யாருக்கும் புதிதல்ல. இரசாயனத் தொட்டிக்கு அருகில் நிற்பவருக்குக் கையுறையும் காலுறையும் கேட்கிறோமே தவிர, அவரைப் பேராசைக்காரர் என்று ஏசுவதில்லை. உங்கள் கணவரிடமும் அந்த வழியில் பேசினால்தான் அவர் காது கொடுப்பார் என்று நினைக்கிறேன்.

சாப்பிடுவதை நின்று வேடிக்கை பார்ப்பது நமக்கு அந்நியமான பழக்கம் அல்ல. வடாற்காட்டுத் திரௌபதி அம்மன் கோயில் பாரத விழாக்களில் பகாசுரன் வதம் நடக்கும் நாளில், பீமன் வேடமிட்டவர் சோறும் பலகாரமும் ஏற்றிய வண்டியில் ஊர்வலமாக வருவதைப் பார்க்கச் சின்னவர் பெரியவர் எல்லோரும் கூடுவார்கள். திரையில் கடோத்கசன் கல்யாண விருந்தை ஒரே ஆளாகத் தீர்த்ததைக் கண்டு நம் தாத்தா பாட்டிகள் சிரித்திருக்கிறார்கள். 2009இல் வெளிவந்த ‘வெண்ணிலா கபடிக்குழு’ படத்தின் பரோட்டாப் பந்தயக் காட்சி, நடிகர் சூரிக்கு ‘பரோட்டா சூரி’ என்ற பெயரையே வாங்கித் தந்தது. ஆனால் இவை எல்லாவற்றிலும் சாப்பாட்டைச் சுற்றி ஒரு கதை இருந்தது. பீமன் அரக்கனைக் கொல்லப் போகிறவன். பரோட்டாக் காட்சியில் சிரிப்பு எழுந்தது கடைக்காரரும் வாடிக்கையாளரும் எண்ணிக்கையை வைத்து மல்லுக்கட்டியதில். படப்பிடிப்பு முடிந்ததும் நடிகர் கை கழுவிக்கொண்டு போய்விடுவார். உங்கள் கணவரின் வீடியோவில் கதை கிடையாது. ‘போதும்’ என்று உடம்பு சொல்வதை இந்த மனிதர் எவ்வளவு நேரம் கேட்காமல் இருப்பார் என்பது மட்டுமே அங்கே காட்சி. ஆகவே அளவு ஏறிக்கொண்டேதான் போக வேண்டியிருக்கிறது. போன மாதம் இரண்டு கிலோவுக்கு வியந்தவர் இந்த மாதம் அதே இரண்டு கிலோவைப் பார்த்துக் கொட்டாவி விடுவார்.

இந்த வகை வீடியோக்கள் ‘முக்பாங்’ என்ற பெயரில் 2010ஆம் ஆண்டை ஒட்டித் தென்கொரியாவின் நேரலைத் தளங்களில் பிரபலமாயின. தனியாக வசித்துத் தனியாக உண்பவர்கள், எதிரே ஒருவர் பேசிக்கொண்டே சாப்பிடுவதைத் துணையாகக் கருதிப் பார்த்தார்கள். அதில் தவறு காண என்னால் முடியவில்லை. காட்பாடிப் பக்கம் விடுதிகளில் தங்கிப் படிக்கும் மாணவர்கள் என்னிடம் வரும்போது, மெஸ்ஸில் வாங்கிய தயிர்சாதத்தை அறைக்குக் கொண்டுவந்து, கைப்பேசியைத் தண்ணீர்ப் பாட்டிலில் சாய்த்து வைத்து, யாரோ ஆட்டுக்கால் கடிப்பதைப் பார்த்தபடி உண்பதாகச் சொல்கிறார்கள். உங்கள் கணவருடைய பார்வையாளர்களில் பலரும் இப்படிப்பட்டவர்களாக இருக்கக்கூடும். இதை நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது; பிறகு வருகிறேன். துணையாகத் தொடங்கியது போட்டியாக மாறியபோது அரசுகள் விழித்துக்கொண்டன. 2018இல் தென்கொரிய அரசு உடல் பருமனைக் குறைக்கும் திட்டத்தின் ஒரு பகுதியாக இத்தகைய ஒளிபரப்புகளுக்கு வழிகாட்டு நெறிகள் வகுக்கப்போவதாக அறிவித்தது. சீனா 2021 ஏப்ரலில் உணவு விரயத் தடுப்புச் சட்டம் கொண்டுவந்து, அளவுக்கு மீறி உண்பதைக் காட்டும் நிகழ்ச்சிகளை வெளியிடுவோருக்கு ஒரு இலட்சம் யுவான் வரை அபராதம் விதிக்க வழி செய்தது.

இனி அவருடைய கேள்விக்கு வருவோம். ‘வெளிநாட்டுக்காரர்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே’ என்கிறார். திரையில் காண்பது முழுவதும் வயிற்றுக்குள் போகிறது என்று அவர் எப்படி நம்புகிறார்? வெட்டி ஒட்டிய காட்சிகள், வாயில் போட்டுத் துப்பிய உணவு, ஒரு வேளையில் சாப்பிட்டதாகக் காட்டும் மூன்று வேளைச் சாப்பாடு ஆகிய எல்லாமே இந்தத் துறையில் உண்டு. அமெரிக்காவில் ‘நிகொகாடோ அவகாடோ’ என்ற பெயரில் கோடிக்கணக்கானோர் பார்த்த ஒருவர், பருத்த உடலோடு தின்று குவிக்கும் வீடியோக்களை வெளியிட்டுக்கொண்டே இருந்துவிட்டு, 2024 செப்டம்பரில் மெலிந்த உருவத்தில் தோன்றினார். தாம் 250 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 113 கிலோ எடை குறைத்திருப்பதாகவும், பார்வையாளர்கள் அதுவரை பார்த்தவை முன்னரே பதிவு செய்து வைத்திருந்த வீடியோக்கள் என்றும் சொன்னார். பார்த்தவர்களில் பெரும்பாலோருக்கு அது தெரியவே இல்லை.

உண்மையாகவே உண்டவர்களின் கதை வேறு. ஜப்பானைச் சேர்ந்த தகேரு கோபயாஷி 2001இல் நியூயார்க்கின் கோனி தீவில் நடந்த போட்டியில் 12 நிமிடத்தில் 50 ஹாட் டாக் (ரொட்டிக்குள் இறைச்சி வைத்த பண்டம்) உண்டு, அதுவரை இருந்த சாதனையை ஏறக்குறைய இரட்டிப்பாக்கினார். அவரும் ஒல்லியானவர்தான். அதே மனிதர் 2024இல், தமக்குப் பசி என்ற உணர்வே வருவதில்லை என்று கூறி, உடல்நலம் கருதி இந்தப் போட்டிகளிலிருந்து விலகுவதாக அறிவித்தார். உங்கள் கணவரிடம் இந்த ஒரு செய்தியை மட்டும் காட்டுங்கள். வயிறு நிறைந்ததை உணராதவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். பசியே தெரியாமல் போன ஒருவர் சாப்பிட உட்காருவதை நினைத்துப் பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

உள்ளே என்ன நடக்கிறது என்பதை அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஆய்வாளர்கள் படம் பிடித்தே பார்த்திருக்கிறார்கள். அந்த ஆய்வு 2007இல் வெளியானது. போட்டிகளில் வேகமாக உண்ணும் ஒருவரையும் சாதாரணமாக உண்ணும் ஒருவரையும் எக்ஸ்ரேயின் கீழ் உட்கார வைத்து ஹாட் டாக் தின்னச் சொன்னார்கள். சாதாரணமானவர் ஏழாவதோடு போதும் என்று எழுந்துவிட்டார். மற்றவர் பத்து நிமிடத்தில் 36 உண்டார். அவருடைய இரைப்பை சுருங்கி உணவைக் கீழே தள்ளும் வேலையை நிறுத்திவிட்டு, வயிற்றின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்ட தொளதொளத்த பையாகக் கிடந்தது. இப்படிப் பழக்கப்பட்ட இரைப்பை ஒருநாள் தன் பழைய வடிவத்துக்குத் திரும்ப இயலாமல் போகலாம், பிறகு தீராத குமட்டலும் வாந்தியும் வரலாம், உணவை நகர்த்தும் ஆற்றலே போய்விடலாம் என்று அந்த ஆய்வாளர்கள் எச்சரித்தார்கள். நம்முடைய இரைப்பை வெறுமையாக இருக்கும்போது கைப்பிடி அளவே இருக்கும். சாப்பிடச் சாப்பிட ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர் வரை சிரமமின்றித் தளர்ந்து கொடுக்கும். நிறைந்துவிட்டது என்ற செய்தி நரம்பு வழியாகவும், குடலில் சுரக்கும் ஹார்மோன்கள் வழியாகவும் மூளைக்கு எட்டி, கை தானாகத் தட்டைவிட்டு விலக ஏறத்தாழ 20 நிமிடம் ஆகும். ‘பதினைந்து நிமிடத்தில் முடித்தால் இலவசம்’ என்று கடைக்காரர் கெடு வைப்பதே அந்தச் செய்தி வந்து சேர்வதற்கு முன் ஆட்டத்தை முடித்துவிடத்தான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

சனிக்கிழமை இரவுத் தண்ணீரைப் பற்றி நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கடிதத்தில் மிகவும் கவலை தந்த வரி அதுதான். குறுகிய நேரத்தில் லிட்டர் கணக்கில் தண்ணீரைக் குடிக்கும்போது இரத்தத்தில் சோடியத்தின் அளவு சட்டென்று சரிகிறது. தலைவலி, குமட்டல், குழப்பம் என்று தொடங்கி வலிப்பு வரைக்கும், உயிருக்கு ஆபத்து வரைக்கும் போகக்கூடிய நிலை அது. அரை நாளுக்கு மேல் பட்டினி கிடந்தவருக்கு இது இன்னும் மோசம். அவர் வீடியோவை நிறுத்துகிறாரோ இல்லையோ, இந்தச் சனிக்கிழமையிலிருந்து அந்தத் தண்ணீரும் பட்டினியும் நின்றாக வேண்டும். அதைப் போலவே நேரக் கெடு வைத்து உண்பதும், மிளகாய்ச் சவாலும் வேண்டாம். அமெரிக்காவில் ஒற்றைக் கார சிப்ஸ் சவாலில் கலந்துகொண்ட ஒரு பதின்ம வயதுச் சிறுவன் 2023இல் இறந்த பிறகு, தயாரித்த நிறுவனமே அந்தப் பொருளைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றது. 2024இல் டென்மார்க் அதிகாரிகள் கொரிய நூடுல்ஸ் வகைகள் சிலவற்றைக் காரம் மிகுதி என்று திரும்பப் பெறச் செய்தார்கள்.

இரண்டு கிலோ கோழி பிரியாணியில் ஏறத்தாழ 3,000 முதல் 4,000 கலோரி இருக்கும். உப்பை 100 கிராமுக்கு ஒரு கிராம் என்று குறைத்தே கணக்கிட்டாலும் 20 கிராம் வருகிறது. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அவருடைய உயரத்துக்கு 93 கிலோ என்றால் உடல் நிறைக் குறியீடு 33க்கு அருகில். இந்தியர்களுக்கு 25ஐத் தாண்டினாலே பருமன் என்று கொள்கிறோம். ஆகவே 78 கிலோவிலேயே அவர் அந்தக் கோட்டைத் தாண்டியவர்தான், இந்த வீடியோக்கள் அவரை இன்னும் வேகமாகத் தள்ளியிருக்கின்றன. மூன்று மாதச் சர்க்கரை (HbA1c) 6.1 என்பது நீரிழிவு அல்ல. 5.7 முதல் 6.4 வரை முன்நீரிழிவு நிலை, 6.5ஐ எட்டினால் நீரிழிவு. கதவு இன்னும் திறந்துதான் இருக்கிறது என்பதற்குச் சான்று நம் பக்கத்திலேயே உண்டு: சென்னையை மையமாகக் கொண்டு நடந்து 2006இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், முன்நீரிழிவு நிலையில் இருந்தவர்கள் மாத்திரையின்றி உணவையும் நடையையும் மாற்றிக்கொண்டதாலேயே நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது.

ஷூட் முடிந்து வந்ததும் என்ன செய்கிறார் என்பதைச் சற்றுக் கவனியுங்கள். குளியலறைக்குப் போய் நெடுநேரம் குழாயைத் திறந்துவிட்டு இருக்கிறாரா? கன்னங்களுக்குப் பின்னால், காதுக்குக் கீழே வீங்கியிருக்கிறதா? விரல் முட்டிகளில் காய்ப்பு இருக்கிறதா? பற்கள் கூசுகின்றன என்கிறாரா? இவை தானாக வாந்தி எடுக்க வைத்துக்கொள்பவர்களிடம் காணப்படும் அறிகுறிகள். அப்படியிருந்தால் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பே தடுமாறலாம். அதை அசட்டை செய்ய முடியாது. கேமரா இல்லாத நாட்களிலும், யாருக்கும் தெரியாமல், நிறுத்த நினைத்தும் நிறுத்த முடியாமல் மளமளவென்று உண்டுவிட்டுப் பிறகு வெட்கப்படுகிறாரா என்பதையும் கேளுங்கள். வாரம் ஒருமுறையாவது, மூன்று மாதமாக இது நடந்தால், அதைப் பழக்கம் என்று விட்டுவிடாமல் மனநல மருத்துவரிடம் காட்ட வேண்டும். தொலைபேசியில் பேசத் தொடங்க அரசின் இலவச மனநல உதவி எண் 14416 இருக்கிறது, தமிழிலேயே பேசலாம்.

அவசரம் எது என்று தெரிந்து வைத்துக்கொள்வதும் நல்லது. வயிறு உப்பிக் கல்போல இறுகி, வாந்தி வருவதுபோல் குமட்டியும் எதுவும் வெளியே வராமல் தவித்தால் அது அஜீரணம் அல்ல. விரிந்த இரைப்பையின் சுவருக்கு இரத்த ஓட்டம் தடைப்பட்டு அது கிழியவும் கூடும். பலமாக வாந்தி எடுத்தபின் நெஞ்சு வலித்தாலும், வாந்தியில் இரத்தம் தெரிந்தாலும் அதே அவசரம்தான். சோடாவும் ஓமத் தண்ணீரும் கொடுத்து விடியட்டும் என்று காத்திராமல் 108ஐ அழையுங்கள். தொண்டையில் அடைத்துக்கொண்டு பேச்சும் இருமலும் வராவிட்டால், முன்பக்கம் குனிய வைத்துத் தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையால் ஐந்து முறை ஓங்கித் தட்ட வேண்டும். போகாவிட்டால் பின்னாலிருந்து கட்டிப் பிடித்துத் தொப்புளுக்குச் சற்று மேலே உள்நோக்கி மேலாக ஐந்து முறை அழுத்த வேண்டும். அவருக்கு வீடியோ எடுக்கும் நண்பரிடம் இதைச் சொல்லிக் கொடுங்கள். தனியாக உட்கார்ந்து இத்தகைய வீடியோவை ஒருபோதும் எடுக்க வேண்டாம்.

பணத்தைப் பற்றி: தவணை கட்டுகிற வருமானத்தை நாளையே விட்டுவிடு என்று சொல்வது எனக்கு எளிது, உங்களுக்குக் கஷ்டம். ஆனால் மாதம் பதினைந்தாயிரம் என்பது வரவு மட்டுமே. உணவுக்கும் பெட்ரோலுக்கும் நண்பருக்கும் கொடுப்பது போக எவ்வளவு மிஞ்சுகிறது என்று ஒரு நோட்டில் அவரையே எழுதச் சொல்லுங்கள்; நெஞ்செரிச்சலுக்கு வாங்கும் மாத்திரைகளையும், திங்கட்கிழமைகளில் எடுக்கும் லீவையும் அதில் சேர்க்க வேண்டும். ஓட்டல்காரர்கள் பணமோ இலவச உணவோ தருகிறார்கள் என்றால், அதை வீடியோவில் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியிலேயே விதிமுறை வெளியிட்டிருக்கிறது. தவறினால் பத்து இலட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு என்பது இந்தத் துறையில் இறங்கும் பலருக்குத் தெரிவதில்லை.

ஆனால் சேனலை மூடச் சொல்லாதீர்கள். மேலே விடுதி மாணவர்களைப் பற்றிச் சொன்னது இதற்காகத்தான். மக்கள் துணைக்குப் பார்க்கிறார்கள் என்றால், துணையாக இருப்பதற்கு இரண்டு கிலோ தேவையில்லை. புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்னவீரமங்கலத்திலிருந்து நடக்கும் ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’ 2021இல் ஒரு கோடிச் சந்தாதாரர்களைத் தாண்டிய முதல் தமிழ் யூடியூப் சேனலானது. அங்கேயும் அண்டா அண்டாவாகத்தான் சமைக்கிறார்கள், ஆனால் உண்பது ஊர். நம் பகுதியில் காட்டுவதற்கா பஞ்சம்? சீரகச் சம்பா அரிசியை ஊற வைத்து, காய்ந்த மிளகாயை அரைத்து ஊற்றி ஆம்பூர் பிரியாணி தம் போடும் மாஸ்டரின் கை, அதன் பக்கத்தில் கத்திரிக்காய்ப் பச்சடி. ஆற்காட்டு மக்கன் பேடாவை உருட்டி, உள்ளே முந்திரியும் திராட்சையும் வைத்துப் பொரித்து, பாகில் மிதக்கவிடும் பக்குவம். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற இலவம்பாடி முள் கத்திரிக்காயைப் பறிக்கும் தோட்டம். கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும். ஒரு தட்டை மட்டும் பொறுமையாக உண்டு, மீதியைக் கடையில் வேலை செய்பவர்களோடும் தெருவில் இருப்பவர்களோடும் பகிர்ந்துகொண்டு பேசட்டும். முதல் சில மாதங்கள் பார்வையாளர்கள் குறையத்தான் செய்வார்கள், அதை அவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அளவைப் பார்க்க வந்தவர் போய்விடுவார். ருசியைப் பற்றிப் பேசத் தெரிந்தவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்போது அவருக்கு இருந்த குறை கேமராவும் தொகுப்பும் பழகாததாகவே இருந்திருக்கலாம், ஒன்றரை வருடத்தில் அது இப்போது கைவந்திருக்கும்.

இதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை பேசாதீர்கள். வயிறு வலிக்கப் படுத்திருப்பவரிடம் ‘அப்பவே சொன்னேன்’ என்று தொடங்கும் பேச்சு சண்டையில்தான் முடியும். மாமியார் முன்னாலும் பையன் முன்னாலும் வேண்டாம். வாரத்தின் நடுவில், அவர் ஷிப்ட் முடிந்து வந்து காபி குடித்த பிறகு, ‘ஷூட் முடிந்ததும் உடம்புக்கு என்ன செய்கிறது?’ என்று கேட்டுவிட்டு அவர் சொல்வதை முழுவதும் கேளுங்கள். ‘தின்னி’, ‘பண்டாரம்’ போன்ற சொற்கள் வாயில் வரக் கூடாது. அந்தக் கேள்விக்கு அவர் இதுவரை யாரிடமும் பதில் சொல்லியிருக்க மாட்டார். வீடியோவின் கீழே வரும் நூற்றுக்கணக்கான கருத்துகளில் ஒருவரும் இதைக் கேட்டிருக்க வாய்ப்பில்லை. மாமியாரின் திருஷ்டியைத் தடுக்க வேண்டாம். நாலு பேர் கண்ணெதிரே வாரித் தின்னக் கூடாது என்பதுதானே அவர் வளர்ந்த வழக்கம்? இந்த விஷயத்தில் அவர் உங்கள் கட்சி. எலுமிச்சம்பழம் சுற்றிப் போடும் கையோடு, இரத்தப் பரிசோதனைக்கும் போய் வரச் சொல்லி உங்கள் கணவரிடம் அவர் வாயாலேயே கேட்க வையுங்கள்.

பையன் விஷயத்தில் தாமதிக்கக் கூடாது. இங்கிலாந்தின் லிவர்பூல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வில், வீடியோ பிரபலங்கள் நொறுக்குத் தீனியோடு இருக்கும் படங்களைப் பார்த்த 9 முதல் 11 வயதுக் குழந்தைகள், பார்க்காதவர்களைவிட அதிகமாகத் தின்றார்கள். உங்கள் மகனுக்கோ அந்தப் பிரபலம் அப்பா. கண்ணாடி முன் அவன் செய்வதைப் பார்த்துச் சிரிக்கவும் வேண்டாம், அடிக்கவும் வேண்டாம். இரண்டுமே அவனுக்குப் பார்வையாளர் கிடைத்த மாதிரி. இரண்டு கன்னமும் நிறைய இட்லியோடு பேசினால் மூச்சுக்குழலில் அடைக்கும் என்பதை மட்டும் ஒரு முறை உறுதியாகச் சொல்லி, ஊட்டாமல், உட்கார வைத்து அவனையே சாப்பிட விடுங்கள். போனை அவனிடமிருந்து மட்டும் பிடுங்கினால் நடக்காது. சாப்பிடும் இடத்தில் வீட்டில் யாருக்கும் போன் இல்லை என்று வையுங்கள், அப்பா உட்பட. முதல் வாரம் அழுவான், இரண்டு வேளை பாதியில் எழுந்து போவான். ஏழு வயதுப் பிள்ளைக்கு அதனால் ஒன்றும் ஆகிவிடாது, அடுத்த வேளை பசித்து வருவான். நாளுக்கு ஒரு வேளையாவது கேமரா இல்லாத அப்பாவோடு அவன் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் அவனை வீடியோவில் உட்கார வைக்க வேண்டாம். அந்த வீடியோவுக்குப் பார்வையாளர்கள் அதிகம் கிடைத்துவிட்டால், பிறகு அதை நிறுத்த உங்களாலும் முடியாது, அவராலும் முடியாது.

பரிசோதனைக்குக் கணவரை அழைத்துப் போகும்போது சர்க்கரையோடு கொழுப்பு, கல்லீரல், சிறுநீரகம், சோடியம், பொட்டாசியம் ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். இரத்த அழுத்தத்தையும் இடுப்புச் சுற்றளவையும் அளக்க வேண்டும், ஆண்களுக்கு 90 செ.மீ.க்குள் இருப்பது நல்லது. குறட்டை விட்டுத் தூக்கத்தில் மூச்சு நின்று திணறுகிறார் என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். குடியாத்தம் அரசு மருத்துவமனையிலேயே தொடங்கலாம். திங்கட்கிழமை மட்டும் போகாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை விருந்தின் கொழுப்பு இரத்தத்தில் ஏறியிருக்கும்போது எடுத்தால் டிரைகிளிசரைடு என்ற இரத்தக் கொழுப்பைத் தாறுமாறாகக் காட்டும், அதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. வியாழன் அல்லது வெள்ளிக்கிழமை காலையில், முந்தைய இரவு எட்டு மணிக்குச் சாதாரணமாகச் சாப்பிட்டு, தாகத்துக்கு மட்டும் தண்ணீர் குடித்துவிட்டுப் போகட்டும்.